மோட்டார் இயந்திரம் சுவாசிக்கும் காற்று

மோட்டார் கார் ஓடுவதற்குப் பெட்ரோல் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். ஆயின், எரியும் ஒவ்வொரு கிலோகிராம் பெட்ரோலுக்கும் சுமார் 14.7 கிலோகிராம் காற்று தேவைப்படுகின்றது என்பதைக் கார் வைத்திருப்போரிலும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெட்ரோலுக்கு விலை உண்டு; காற்றுக்கு விலை இல்லை. விலையில்லாத பொருளுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு இல்லை. இயந்திரத்தை அமைக்கும் பொறியியலார் மட்டும் இக்கணக்கை நாள்தோறும் போட்டுப் பார்க்கின்றனர். சிலிண்டருக்குள் எவ்வளவு காற்றைப் புகுத்த முடியுமோ அவ்வளவுக்குத் தக்கவாறே பெட்ரோலை எரிக்க முடியும். எரியும் பெட்ரோலின் அளவுக்கே சக்தி கிடைக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் உள்ளிழுப்பது ஒரு குறிப்பிட்ட பருமனுள்ள காற்றை. எரிதலுக்கு வேண்டியதோ ஒரு குறிப்பிட்ட எடையுள்ள காற்று. பருமன் மாறாமலே எடை மாறக்கூடும். அமுக்கம் குறைந்தாலும் எடை குறையும். உஷ்ணநிலை ஏறினாலும் எடை குறையும். இவ்விரு காரணங்களையும் ஒருங்கே ஆராய்வதற்கு நம் நாட்டில் பெங்களூரைக் காட்டிலும் பொருத்தமான நகரத்தைக் காண்பது அரிது.

பெங்களூரின் உயரமும் உஷ்ணமும்

பெங்களூரு கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இந்த உயரம் அந்நகருக்கு இதமான தட்பவெப்பத்தை அளித்திருக்கின்றது. மக்களுக்கு இதமான அக்காற்று மோட்டார் இயந்திரத்துக்குச் சற்றுப் பற்றாக்குறையான காற்று ஆகும். கடற்கரையில் காற்றின் அமுக்கம் சுமார் 1,010 மில்லிபார் எனில், பெங்களூரில் அது சுமார் 910 மில்லிபார்தான். சென்னையில் 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணநிலையில் ஒரு கன மீட்டர் உலர்ந்த காற்றின் எடை 1.16 கிலோகிராம், அதே உஷ்ணநிலையில் பெங்களூரில் 1.05 கிலோகிராம். சென்னையிலிருந்து புறப்பட்டு மாலையில் பெங்களூரை அடையும் கார், யாதொரு பழுதும் இன்றியே தன் முழுச் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை வழியில் விட்டுவிட்டு வந்து சேருகின்றது எனலாம்.

உயரத்தினால் ஏற்படும் இந்த இழப்பு நிலையானது. அதை எவரும் மாற்ற இயலாது. உஷ்ணத்தினால் ஏற்படும் இழப்போ நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவது. அமுக்கம் மாறாதிருக்கும்போது வாயுவின் பருமன் அதன் தனி உஷ்ணநிலைக்கு நேர் விகிதத்தில் மாறும் என்பது, 1787ஆம் ஆண்டில் ஷார்ல் என்பவர் கண்டு, 1802ஆம் ஆண்டில் கே-லுஸாக் வெளியிட்ட விதியாகும். தனி உஷ்ணநிலையைக் கணிக்க, சென்டிகிரேட் அளவுடன் 273ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் நாட்டுப் பகல் உஷ்ணத்தில் இத்தொகை ஏறக்குறைய 300 ஆக இருப்பதால், காற்று 3 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று குறையும் என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

பெங்களூரு வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணநிலை 7.8 டிகிரி, அது 1884ஆம் ஆண்டு ஜனவரியில் பதிவாயிற்று. மிக அதிகமானது 39.2 டிகிரி, அது 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாளன்று பதிவாயிற்று. நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் இந்த இரு எல்லைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் 31 டிகிரியே. ஆனால் போக்குவரத்து நெரிசலில் அகப்பட்டுக்கொண்ட ஒரு காரின் முன்மூடிக்குள் இதே அளவு உஷ்ண வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது. இதுவே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு இயந்திரம் ஒன்று நிமிஷத்துக்கு 3,000 முறை சுழலும்போது, காற்று வாயில் முற்றும் திறந்திருந்தால், நிமிஷத்துக்கு 1,500 லிட்டர் காற்றை உள்ளிழுக்க முயலும். பெங்களூரில் 30 டிகிரி உஷ்ணமுள்ள காற்றாயின் அதன் எடை ஏறக்குறைய 1.57 கிலோகிராம், அதற்கு ஏற்ற பெட்ரோல் 107 கிராம். அதே காற்று 60 டிகிரிக்குச் சூடேறிப் புகுமாயின் எடை 1.43 கிலோகிராமாகவும் பெட்ரோல் 97 கிராமாகவும் குறைகின்றன. இழப்பு நூற்றுக்கு ஒன்பது.

சக்தியும் நூற்றுக்கு ஒன்பது குறையுமோ எனின், அவ்வளவு குறைவதில்லை. சூடான காற்று சிலிண்டரின் சுவரிலிருந்து பெறும் உஷ்ணம் குறைவு. பெட்ரோலும் அதில் நன்கு ஆவியாகிக் கலக்கும். இவை இழப்பில் ஒரு பகுதியை ஈடு செய்கின்றன. இயந்திரங்களைச் சோதிப்பதற்கான சர்வதேச விதிமுறை இதனை ஏற்றுக்கொண்டு, பெட்ரோல் இயந்திரத்தின் சக்தியைத் திருத்திக் கணக்கிடும்போது உஷ்ணநிலை விகிதத்தின் 0.6ஆம் அடுக்கை எடுத்துக்கொள்கின்றது. அம்முறைப்படி மேற்சொன்ன உதாரணத்தில் சக்தி குறைவது நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு. மேலும், இக்கணக்கு காற்று வாயில் முழுவதும் திறந்திருக்கும் நிலைக்கே பொருந்தும். நகரத்தில் ஓட்டும்போது வாயில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகவே திறந்திருக்கின்றது. ஓட்டுபவர் தம்மையறியாமல் காலால் சற்றுக் கூடுதலாக அழுத்துவார், குறை நிரம்பிவிடும். ஆகவே, சூடான காற்றினால் நகரத்தில் பெட்ரோல் செலவு பெருகிவிடுகின்றது என்று கூறுவோரின் கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. குறைந்த சுமையில், சூடான காற்றுக்காக வாயில் சற்றே கூடுதலாகத் திறந்திருப்பது உறிஞ்சும் உழைப்பைக் குறைத்து, செலவை மிகச் சிறிதளவு மிச்சப்படுத்துவதும் உண்டு.

உஷ்ணம் ஊறுதல்

ஆங்கிலத்தில் ‘ஹீட் சோக்’ என்று வழங்கும் சொற்றொடரை ‘உஷ்ணம் ஊறுதல்’ என்று தமிழில் கூறலாம். நீரில் இட்ட அரிசி, நீரைத் தானே தேடிச் செல்லாமல், கிடந்த இடத்திலேயே மெல்ல மெல்ல நீரை ஏற்பது போல, முன்மூடிக்குள் இருக்கும் ஒவ்வோர் உறுப்பும் அண்டையிலுள்ள சூட்டை மெல்ல ஏற்றுக்கொள்கின்றது. ‘சூடாதல்’ என்ற பொதுச் சொல் இந்தத் தாமதத்தையும் தேக்கத்தையும் உணர்த்தாது.

ஓடும் காரில் எதிர்க்காற்று வீசுகின்றது. நீர்ப்பம்பு சுழன்று சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டு செல்கின்றது. புதிய காற்று இடைவிடாது குழாயினூடே பாய்கின்றது. அந்நிலையில் உட்புகும் காற்றின் உஷ்ணநிலை வெளிக்காற்றைவிடப் பொதுவாக ஐந்து முதல் பத்து டிகிரி வரையே மிகுதியாக இருக்கும். கார் நின்று, இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் நிலைமை மாறுகின்றது. ரேடியேட்டரின் விசிறி தள்ளும் சூடான காற்று இயந்திரத்தின் மேலேயே வீசுகின்றது. அதில் ஒரு பகுதி முன்புறமாகச் சுற்றி வந்து மீண்டும் ரேடியேட்டருக்குள் புகுகின்றது. குளிர்சாதனமும் இயங்கினால் அதன் உஷ்ணமும் அங்கேயே கொட்டப்படுகின்றது. அப்போது உட்புகும் காற்று, வெளிக்காற்றைவிட இருபது, முப்பது டிகிரி மிகுந்திருத்தல் வியப்பன்று. 2022ஆம் ஆண்டில் பெங்களூரு நகர மையத்தில் பத்துக் கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 29 நிமிஷம் ஆயிற்று என்று டாம்டாம் நிறுவனத்தின் போக்குவரத்துக் கணக்கு கூறிற்று. சில்க் போர்டு சந்திப்பிலோ ஹெப்பாளத்திலோ மாலை ஆறு மணிக்கு நிற்கும் கார்களின் முன்மூடிகளுக்குள் நிகழ்வது இதுதான்.

இயந்திரத்தை நிறுத்தியபின் நிகழ்வது இன்னும் கவனிக்கத்தக்கது. எரிதல் நின்றுவிட்டதால் உடனே சூடு தணியும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில், நிறுத்திய கணத்திலிருந்து முன்மூடிக்குள் உஷ்ணநிலை ஏறத் தொடங்குகின்றது. புகைபோக்கிக் குழாயின் தலைப்பகுதி பல நூறு டிகிரி சூட்டில் இருக்கின்றது. இயந்திரத்தின் உலோகத் தொகுதி ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கின்றது. இச்சூட்டைச் சுமந்து செல்ல இப்போது நீரும் ஓடவில்லை, காற்றும் வீசவில்லை. ஆகவே அது மேல்நோக்கி எழுந்து, காற்றுக் குழாய், வடிகட்டிப் பெட்டி, பெட்ரோல் குழாய் ஆகியவற்றில் ஊறுகின்றது. கால் மணி முதல் அரை மணி நேரம் வரை இந்த ஏற்றம் நீடித்து, பின்னரே இறங்கும். கடைக்குச் சென்று பத்து, இருபது நிமிஷங்களில் திரும்புபவர் தம் காரை அதன் மிகச் சூடான நிலையில்தான் மீண்டும் கிளப்புகின்றார்.

கார்புரேட்டர் காலத்து ஓட்டுநர்கள் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். அம்பாசடர், பியட் கார்களில் பெட்ரோல் பம்பு இயந்திரத்தின் பக்கத்திலேயே பொருத்தப்பட்டு, பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதிகள் ஏறக்குறைய 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்குபவை. உறிஞ்சும் குழாயில் அமுக்கம் குறைவு. மலை ஏறினால் வெளியமுக்கமும் குறைவு. இரண்டும் கொதிநிலையை மேலும் தாழ்த்துகின்றன. பம்புக்குள் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிறைந்துவிட்டால், பம்பு அந்த ஆவியையே அமுக்கி விரித்துக்கொண்டிருக்கும், பெட்ரோல் வராது. இதற்கு ‘ஆவி அடைப்பு’ என்று பெயர். பெங்களூரிலிருந்து உதகைக்குச் செல்வோர் மசினகுடிக்கு அப்பால் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் ஏறுகையில், எதிர்க்காற்று குறைவு, இயந்திரத்தின் உழைப்பு மிகுதி. நடுவழியில் கார் நின்றால் பின்னால் பள்ளம், முன்னால் வளைவு. பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே ஏறிய ஓட்டுநர்கள் செய்தது, பௌதிக நூல் ஒப்புக்கொள்ளும் நேர்த்தியான வைத்தியமாகும். நீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துச் சென்றது.

இன்றைய கார்களில் மின்சாரப் பம்பு தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருந்து பெட்ரோலைப் பல மடங்கு வாயு அமுக்கத்தில் முன்னோக்கித் தள்ளுகின்றது. அமுக்கத்தில் இருக்கும் திரவம் எளிதில் கொதிக்காது. எனவே ஆவி அடைப்பு அருகிவிட்டது. ஈரத்துணி மறைந்தது; அதன் இடத்தில் ஓர் எண் வந்து அமர்ந்திருக்கின்றது.

உஷ்ணத்தை அளக்கும் முத்து

இன்றைய கார் ஒவ்வொன்றிலும் பெட்ரோலின் அளவை ஒரு சிறு கணிப்பொறி நிர்ணயிக்கின்றது. அதற்குக் காற்றின் எடை தெரிந்தாக வேண்டும். பல கார்களில் அமுக்கம், உஷ்ணநிலை, சுழற்சி வேகம் ஆகிய மூன்றையும் அளந்து எடையைக் கணக்கிடும் முறை கையாளப்படுகின்றது. உஷ்ணநிலையை அளப்பது, காற்றுக் குழாயில் செருகப்பட்ட ஒரு சிறு தெர்மிஸ்டர் முத்து. சாதாரண உலோகம் சூடேறினால் அதன் மின்தடை மிகும். இந்த முத்தின் மின்தடையோ குறையும். இத்தகைய பொருள்கள் உண்டென்பதை 1833ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, வெள்ளி சல்பைடை ஆராய்கையில் கண்டார். பரவலாக வழங்கும் ஒரு வகை முத்தின் மின்தடை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம். 40 டிகிரியில் 1,200 ஓமுக்குச் சற்றுக் குறைவு. 80 டிகிரியில் 320 ஓமை ஒட்டி நிற்கும்.

இந்த எண்ணைக் கார்ச் சொந்தக்காரரும் காணலாம். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் பெங்களூரு உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் நான்காம் நிலைப் புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றையொட்டி, காரே தன் பழுதுகளைக் கண்டறிந்து அறிவிக்கும் ஓ.பி.டி. என்னும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. அதன் விரிவான இரண்டாம் நிலை 2013ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து அமலாயிற்று. ஓட்டுநர் இருக்கைக்கு அருகே உள்ள பதினாறு முனைத் துளையில் ஒரு சிறு கருவியைச் செருகினால், இயந்திரத்தின் நீர் உஷ்ணநிலையும் காற்றின் உஷ்ணநிலையும் கைபேசித் திரையில் தோன்றும். கணிப்பொறி காற்றின் உஷ்ணத்தை 0 முதல் 255 வரையுள்ள ஒரே எண்ணாக அனுப்புகின்றது. அதிலிருந்து 40ஐக் கழித்தால் டிகிரி கிடைக்கும். 105 என்று வந்தால் 65 டிகிரி. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரையுள்ள குளிரையும் இவ்வாறு குறிக்க முடிகின்றது. நம்மூரில் அதற்குத் தேவை இல்லையாயினும் சியாச்சினில் ஓடும் வாகனத்துக்குத் தேவையாகலாம்.

எண் எளிதில் கிடைப்பதால், அது உண்மை என்ற நம்பிக்கையும் எளிதில் பிறந்துவிடுகின்றது. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். முத்து அளப்பது காற்றின் உஷ்ணத்தை அன்று. தன் சொந்த உஷ்ணத்தையே. காற்று வேகமாகப் பாயும்போது முத்து காற்றின் உஷ்ணத்தைச் சில வினாடிகளில் அடைந்துவிடும். காற்று தேங்கி நிற்கும்போதோ, முத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் உறை, உறை பொருந்திய குழாய், எதிரே சூடாக இருக்கும் சுவர் ஆகியவை கடத்தலாலும் கதிர்வீச்சாலும் முத்துக்குச் சூட்டை ஊட்டுகின்றன. வானிலை இலாகாவினர் உஷ்ணமானியை வெயிலில் வைக்காமல், வெண்ணிறம் பூசிய பலகைக் கூண்டுக்குள் வைப்பதன் காரணமும் இதுவே. காரின் முத்துக்கு அத்தகைய கூண்டு கிடையாது.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இருபது நிமிஷம் நிறுத்தி வைத்த காரைக் கிளப்புகின்றோம். முத்து 65 டிகிரி என்கின்றது. ஆனால் வடிகட்டியின் வழியாக உண்மையில் புகும் காற்று 40 டிகிரிதான் என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறி காற்று மெலிந்திருப்பதாக நம்பி, பெட்ரோலை நூற்றுக்கு ஏழு அல்லது எட்டு பங்கு குறைத்துவிடும். கலவை வறட்சியடைந்து இயந்திரம் தள்ளாடும். சிலவேளை நின்றும் போகும். புகைக்குழாயில் உள்ள பிராணவாயு உணர்கருவி பிழையைக் கண்டு திருத்தும். ஆனால் அதற்கு அக்கருவியே முதலில் சூடேறியிருக்க வேண்டும். ஆகவே காரை அமைப்போர், நீரின் உஷ்ணமும் காற்றின் உஷ்ணமும் ஒருங்கே உயர்ந்திருந்தால் அது ஊறிய சூடு எனக் கொண்டு, சிறிது நேரம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்குமாறு கணிப்பொறிக்குக் கற்பித்து வைக்கின்றனர். சிக்னலில் முதல் வரிசையில் நின்று கார் அணைந்துபோக, பின்னால் நூறு ஒலிப்பான்கள் எழுப்பும் ஓசையைக் கேட்டவர்கள் இந்தத் திருத்தத்தின் அருமையை உணர்வர்.

உண்மையான காற்றின் உஷ்ணத்தை அறிய விரும்புவோர் தெர்மோகப்பிளை நாடுகின்றனர். இரு வேறு உலோகக் கம்பிகளின் சந்திப்பைச் சூடேற்றினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1821ஆம் ஆண்டில் சீபெக் கண்ட உண்மை. குரோமல், அலுமெல் என்னும் கலப்பு உலோகங்களாலான இணையில் டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட் பிறக்கின்றது. தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியாயின் அது காற்றின் மாற்றத்தை உடனுக்குடன் பின்தொடரும். ஒன்றைக் குழாயின் வாயிலும், ஒன்றை வடிகட்டிக்குப் பின்னும், மற்றொன்றைக் காற்று வாயிலுக்கு அருகிலும் பொருத்தி, பளபளப்பான மெல்லிய உலோகத் தகட்டால் கதிர்வீச்சை மறைத்து, காரின் நிழலில் வெளிக்காற்றையும் தனியே அளக்க வேண்டும். வெளிக்காற்றை அளக்காமல் உட்காற்றை மட்டும் அளப்பது, முதலை எழுதாமல் லாபத்தை எழுதும் கணக்குக்கு ஒப்பாகும். பின்னர் ஒரே வழியில், ஒரே நேரத்தில், குளிர்சாதனத்தை இயக்கியும் இயக்காமலும் சில நாட்கள் ஓட்டிப் பதிவு செய்தால், எந்தச் சூடு காற்றினுடையது, எந்தச் சூடு முத்தினுடையது என்பது விளங்கிவிடும். குழாயின் வாயிலில் 36, முத்தின் அருகே 40, முத்து காட்டுவது 58 எனில், இடையில் உள்ள 18 டிகிரி இயந்திரம் சுவாசிக்காத சூடு ஆகும்.

தட்டும் ஒலியும் ஆக்டேன் எண்ணும்

காற்றின் அடர்த்தி மட்டும் பிரச்சினை அன்று. சூடான கலவை அமுக்கப்படும்போது மேலும் சூடேறி, பொறியின் தீ சென்று சேருமுன்பே தானாக வெடித்துவிடக்கூடும். அப்போது எழும் உலோகத் தட்டொலியைப் பலரும் கேட்டிருப்பர். பெட்ரோல் இதற்கு எவ்வளவு இடம் கொடாமல் நிற்கின்றது என்பதைக் குறிப்பதே ஆக்டேன் எண். அதனை அளக்கும் சோதனைகளிலேயே உஷ்ணநிலை விதிக்கப்பட்டுள்ளது. ‘ரிசர்ச்’ முறையில், கடல் மட்ட அமுக்கத்தில், காற்றை 52 டிகிரியில் புகுத்துகின்றனர். கடுமையான ‘மோட்டார்’ முறையில் கலவையையே 149 டிகிரிக்குச் சூடேற்றுகின்றனர். ஒரே பெட்ரோலுக்கு இரண்டாம் முறையில் கிடைக்கும் எண் குறைவு. எண்ணின் பெரும்பகுதி பெட்ரோலைப் பொறுத்தது எனினும், சூட்டைப் பொறுத்த பகுதியும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இன்றைய இயந்திரத்தில் தட்டொலியைக் கேட்கும் தனி உணர்கருவி உண்டு. ஒலி எழுந்த உடனே கணிப்பொறி பொறி பாயும் நேரத்தைத் தாமதப்படுத்துகின்றது. இயந்திரம் பிழைக்கின்றது, சக்தி குறைகின்றது. கோடையில் நெரிசலைக் கடந்த கையோடு 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலையில் ஏறும் கார் சோர்வாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் பெங்களூரின் மெலிந்த காற்று இவ்விஷயத்தில் உதவியும் செய்கின்றது: சிலிண்டரில் அமுக்கம் குறைவாக இருப்பதால் தட்டொலிக்கான வாய்ப்பும் குறைவு. கடற்கரை நகரத்தில் அதே சூட்டில் அதே கார் இன்னும் எளிதில் தட்டும்.

டர்போ பொருத்திய சிறு இயந்திரங்கள் இப்போது பெருகி வருகின்றன. காற்றை இரு மடங்கு அமுக்கினால், 30 டிகிரியில் புகுந்த காற்று, அமுக்கும் சாதனத்தின் திறன் நூற்றுக்கு எழுபது எனக் கொண்டால், ஏறக்குறைய 125 டிகிரியில் வெளிவரும். அதனைக் குளிர்விக்க ‘இண்டர்கூலர்’ என்னும் சிறு ரேடியேட்டர் வைக்கப்படுகின்றது. கார் நெடுநேரம் நின்றால் இந்தக் குளிர்விப்பானிலேயே உஷ்ணம் ஊறிவிடும். குளிர்விக்க வேண்டியது சூடேற்றுவதாகிவிடுகின்றது. நெரிசல் நீங்கி நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்கியபின் அது தணியச் சற்று நேரமாகும்.

டீசல் இயந்திரத்தின் கதை வேறு. அங்கே பொறி இல்லை. சூடான காற்றே தீ மூட்டுகின்றது. 1951ஆம் ஆண்டில் பெங்களூரு அடுகோடியில் தொடங்கப்பெற்று, டீசல் பம்புகளாலும் ஸ்பார்க் பிளக்குகளாலும் நாடறிந்த ‘மைக்கோ’ நிறுவனம் — 2008ஆம் ஆண்டிலிருந்து அது பாஷ் லிமிடெட் என்ற பெயரில் இயங்குகின்றது — செய்தளித்த பம்புகள் பொருத்திய லாரிகளின் ஓட்டுநர்கள், சூடான காற்றினால் தட்டொலியைக் கேட்டதில்லை. ஏற்றங்களில் கரும்புகையைக் கண்டனர். காற்றின் எடை குறைய, பம்பு மட்டும் அதே அளவு டீசலைத் தள்ளியதே அப்புகைக்குக் காரணம்.

ஆகாய விமானத்தில் இந்தக் கணக்கு உயிர் பற்றியதாகும். 1940ஆம் ஆண்டில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை நிறுவப்பெற்ற நாள் முதலாகப் பெங்களூரின் பொறியியலார் இதனுடன் போராடி வந்திருக்கின்றனர். மூவாயிரம் மீட்டருக்கு மேல் அமைந்த லே விமான நிலையத்தில் பயணி விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து செல்வதன் ஒரு காரணம், பிற்பகல் சூட்டில் ஏற்கெனவே மெலிந்த காற்று மேலும் மெலிவதே. கார் ஓட்டுநர் சக்தி குறைந்தால் கியரை மாற்றிக்கொள்வார். விமானி ஓடுபாதையின் நீளத்தை மாற்ற இயலாது.

குளிர்ந்த காற்றைத் தேடுவோர்

குளிர்ந்த காற்று நல்லது என்ற செய்தி பரவியதன் பயனாக, அதற்கென்று உதிரி உறுப்புகள் விற்கும் வணிகமும் வளர்ந்திருக்கின்றது. இவற்றுள் பளபளக்கும் கூம்பு வடிவ வடிகட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெட்டியை அகற்றிவிட்டு இதனைத் திறந்தபடி முன்மூடிக்குள் பொருத்தினால், ஓசை கம்பீரமாகக் கேட்கும். ஆனால் இயந்திரம் இப்போது வெளிக்காற்றை விட்டுவிட்டு ரேடியேட்டர் தள்ளிய சூடான காற்றையே சுவாசிக்கின்றது. வாங்கியவர் பணம் கொடுத்துப் பெற்றது ஓசையே.

காற்றுக் குழாயின் வாயைக் கீழே, முன்தடுப்பின் அடியில் அமைப்பது இன்னொரு வழி. அங்கே காற்று உண்மையிலேயே குளிர்ந்திருக்கும். ஆயின் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பெங்களூரின் வெளிவட்டச் சாலைப் பகுதியில் வெள்ளம் தேங்கியதை நினைவுகூர வேண்டும். நீர் முழங்கால் அளவு நிற்கும்போது தாழ்ந்த குழாய், காற்றுக்குப் பதில் நீரை உறிஞ்சிவிடும். காற்றைப் போல் நீர் அமுங்காது. மேலேறும் பிஸ்டன் நீரில் மோதி நிற்க, அதனைத் தள்ளும் இணைப்புத் தண்டு வளைகின்றது. ஒரு வினாடியில் இயந்திரம் பயனற்றுவிடும். உற்பத்தியாளர்கள் குழாயின் வாயை முன்விளக்குக்குப் பின்னாலோ ரேடியேட்டரின் மேல்விளிம்பிலோ வைப்பது, ஒன்றிரண்டு டிகிரிச் சூட்டை ஏற்றுக்கொண்டு நீரைத் தவிர்க்கும் விவேகமான உடன்பாடாகும். நம் நகரங்களின் சுரங்கச் சாலைகளில் மழைநீர் தேங்காது என்ற உறுதி கிடைக்கும் வரையில் இதனை மாற்றாதிருத்தல் நலம்.

குளிர் நாடுகளில் இதற்கு நேர்மாறான தொல்லை இருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது காற்று இருபது டிகிரி அளவுக்குக் குளிர்ந்து, ஈரம் உறைந்து, வாயில் பனிக்கட்டியால் அடைபடும். அதனால் புகைக்குழாயை ஒட்டிச் செல்லும் காற்றைச் சேர்த்து வேண்டுமென்றே சூடேற்றினர். அந்நாட்டு வடிவமைப்பை அப்படியே ஏற்ற கார்கள் நம் நாட்டு வெயிலில் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

பெட்ரோலின் இந்தக் குளிர்விக்கும் குணம் இப்போது மீண்டும் கவனத்துக்கு வந்திருக்கின்றது. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலின் விற்பனை, 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாளன்று பெங்களூரில் நடைபெற்ற இந்திய எரிசக்தி வார விழாவில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு கிலோகிராம் எத்தனால் ஆவியாவதற்கு, பெட்ரோலுக்கு வேண்டியதைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். அந்த உஷ்ணம் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் உலோகத்திலிருந்தும் எடுக்கப்படுவதால் கலவை குளிர்கின்றது. தட்டொலிக்கும் இடம் குறைகின்றது. ஆனால் இந்தக் குளிர்ச்சி முத்துக்கு அப்பால், வாயிலுக்கும் சிலிண்டருக்கும் அருகே நிகழ்வது. எனவே கைபேசித் திரையில் தோன்றும் எண்ணில் அது தென்படாது.

முத்து சரியாக வேலை செய்கின்றதா என்பதைக் கருவி எதுவும் வாங்காமலே ஓரளவு சோதிக்கலாம் என்று கூறுவது மிகையாகும், ஓ.பி.டி. கருவி ஒன்று வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டுவதில்லை. கூரையின் கீழ் ஓர் இரவு முழுவதும் நிறுத்தி வைத்த காரில், விடியற்காலையில் இயந்திரத்தைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, நீரின் உஷ்ணத்தையும் காற்றின் உஷ்ணத்தையும் படிக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற காரில் ஊறிய சூடு முழுவதும் வடிந்திருக்கும். பெங்களூரில் டிசம்பர் மாதத்து விடியலில் வெளிக்காற்று 16 டிகிரி எனில், இரண்டு எண்களும் 16ஐ ஒட்டி, ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரிக்குள் இருத்தல் வேண்டும். நீர் 17 என்றும் காற்று 29 என்றும் காட்டினால், முத்தையோ அதன் இணைப்புக் கம்பியையோ மெக்கானிக்கிடம் காட்டி, அதன் மின்தடையை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.